செல்லுக்கு ஏது ஓய்வு?

நரம்புச் செல்லின் 'resting potential'-க்கு நல்ல தமிழ்ச் சொல் தேடுகிறேன். பாடநூலில் இருக்கும் 'ஓய்வுநிலை மின்னழுத்தம்' போதுமே, எதற்கு வம்பு என்று தொண்டி நண்பர் கேட்டிருந்தார். 'மின்னழுத்தம்' இயற்பியலில் வேரூன்றிவிட்டது, இருக்கட்டும். எனக்கு இடிப்பது 'ஓய்வு'.

நரம்புச் செல் தூண்டப்படாமல் இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கிறது. உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு பொட்டாசியத்தைத்தான் தாராளமாகக் கசியவிடும். நேர்மின்னோடு அது வெளியேற, உள்ளே எதிர்மின் மிஞ்சுகிறது. சோடியமும் கொஞ்சம் உள்ளே கசியும். அப்படியே விட்டால் வேறுபாடெல்லாம் கரைந்துவிடும் என்பதால், சவ்விலுள்ள பம்பு ஓயாமல் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஒன்று செலவு.

நம் மீன்பிடித் தடைக்காலம் மாதிரிதான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதற்காக மண்டபம் கரையில் யார் ஓய்ந்திருக்கிறார்கள்? பலகை மாற்றுவது, இன்ஜினைப் பிரிப்பது, வலையைச் சரிபார்ப்பது என்று வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். செத்த செல்லில்தான் பம்பு நின்று அழுத்தம் பூஜ்யத்துக்குப் போகிறது. ஓய்வு என்றால் அதுதான் ஓய்வு.

என் பரிந்துரை 'இருப்பு மின்னழுத்தம்'. சும்மா இருப்பதும் இருப்புதான், படகில் டீசல் இருப்பதும் இருப்புதான். நரம்புத் துடிப்பு இந்த இருப்பை எடுத்துத்தான் ஓடுகிறது. 1939-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் கணவாயின் பெருநரம்பிழைக்குள் மின்முனையைச் செருகி அளந்தபோது இந்த இருப்பையும் பார்த்தார்கள், துடிப்பையும் பார்த்தார்கள். பாம்பனில் ஊசிக்கணவாய் என்போமே, அதன் உறவுதான்.

மைனஸ் 70 எப்படி இருப்பாகும், அது கடன் அல்லவா என்று கீழக்கரை டீச்சர் மடக்கினார். சிரித்துவிட்டேன். வெளிப்புறத்தைப் பூஜ்யமாக வைத்து அளப்பதால் வரும் குறி அது. உட்புறத்தைப் பூஜ்யமாக வைத்தால் பிளஸ் 70. இருப்பு என்று நான் சொல்வது அந்த வித்தியாசத்தை.

பாக் நீரிணைப் பக்கத்துக் கடலை எங்கள் பக்கம் பெண்கடல் என்போம். அமைதியாக இருந்தாலும் உள்ளே நீரோட்டம் உண்டு என்பதால் 'பெண்கடல் அழுத்தம்' என்று வைக்கலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அழகுதான். ஆனால் கோயம்புத்தூர் பையனுக்குப் பாக் நீரிணையை விளக்கிவிட்டு அப்புறம்தான் நரம்பு மண்டலத்துக்கு வர வேண்டும்.

ஒன்று மட்டும்: 'இருப்பழுத்தம்' என்று சுருக்க வேண்டாம். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், இரண்டு பேர் 'இரும்பழுத்தம்' என்று எழுதிவிட்டார்கள்.