ரன்-ஃப்ளாட் டயரிலிருந்து சாதாரண டயருக்கு மாறுதல்: பி.எம்.டபிள்யூ. 320டி (எஃப்30), ஆலோசனை தேவை

கேள்வி: கோவைவாசி

வணக்கம். கோயம்புத்தூரில் 2015-ஆம் ஆண்டின் 320டி காரை ஓட்டி வருகிறேன். நான்கு சக்கரங்களிலும் 225/50 ஆர்17 அளவுள்ள ரன்-ஃப்ளாட் டயர்கள் (காற்று போன பிறகும் சிறிது தூரம் ஓடக்கூடியவை) இருக்கின்றன. பள்ளமொன்றில் இறங்கியதில் முன்பக்க இடது டயரின் பக்கச்சுவர் வீங்கிவிட்டது, மற்றவையும் தேய்ந்திருக்கின்றன. சாதாரண டியூப்லெஸ் டயருக்கு மாறினால் குலுக்கலும் செலவும் குறையும் என்று கடைக்காரர் சொல்கிறார். ஆனால் காரில் ஸ்டெப்னி கிடையாது. அதை வைப்பதற்கான குழியும் டிக்கியில் இல்லை. பழைய ரிம்மிலேயே சாதாரண டயரைப் பொருத்தலாமா, காற்றழுத்தத்தை மாற்ற வேண்டுமா, அழுத்த எச்சரிக்கை தொடர்ந்து வேலை செய்யுமா, வால்பாறை போன்ற மலைப்பாதையில் பஞ்சரானால் என்ன செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: சக்கரம்

ரிம்மைப் பற்றிக் கவலை வேண்டாம். ரன்-ஃப்ளாட்டுக்கான ரிம்மில் டயர் அமரும் இடத்தை ஒட்டியுள்ள மேடு சற்றே பெரிதாக இருக்கும். காற்று முழுவதும் போன பிறகும் டயர் நழுவாமல் இருப்பதற்காகவே அந்த அமைப்பு. சாதாரண டயரும் அதில் சரியாகப் பொருந்தும்.

ரன்-ஃப்ளாட்டின் பக்கச்சுவருக்குள் தடித்த ரப்பர் வைத்திருப்பார்கள். காற்றே இல்லாதபோதும் அது காரைத் தாங்குவதால்தான் பெரும்பாலான ரன்-ஃப்ளாட்டுகளில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கி.மீ. வரை ஓட்ட முடிகிறது. அதே விறைப்புதான் பள்ளத்தின் அடியை நேராக ரிம்முக்கும் இருக்கைக்கும் கடத்துகிறது. சாதாரண டயருக்கு மாறிய உடனே அந்த வித்தியாசம் தெரியும். அதே சமயம், ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் திரும்புவதில் மிகச் சிறிய தாமதத்தையும் உணர்வீர்கள். அது பிடிக்காது என்றால் அதே அளவில் எக்ஸ்.எல். (கூடுதல் சுமை தாங்கும் வகை) எனக் குறிக்கப்பட்ட டயரை வாங்குங்கள். எதை வாங்கினாலும், அளவுக்குப் பின்னால் உள்ள எண்ணும் எழுத்தும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறையக்கூடாது. 94டபிள்யூ என்றால் ஒரு டயர் 670 கிலோ எடையையும் மணிக்கு 270 கி.மீ. வேகத்தையும் தாங்கும் என்று பொருள்.

காற்றழுத்தத்திற்கும் அந்த ஸ்டிக்கரே ஆதாரம். மென்மைக்காக அதைவிடக் குறைத்து ஓட்டாதீர்கள். சாதாரண டயரில் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் காற்றுதான் என்பதால், அழுத்தம் குறைந்தால் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கிச் சூடேறும். அடுத்த பள்ளத்தில் ரிம்மும் வளையக்கூடும்.

அழுத்த எச்சரிக்கை தொடர்ந்து வேலை செய்யும். திரையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி எண் தெரிந்தால் உள்ளே சென்சார் இருக்கிறது. கழற்றும்போது அது உடையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எண் இல்லாமல் எச்சரிக்கை மட்டும் வருமானால், பெரும்பாலும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வழியாகச் சக்கரச் சுழற்சியை ஒப்பிடும் முறையாக இருக்கும்: காற்று இறங்கிய சக்கரம் சற்று வேகமாகச் சுழல்வதை வைத்து அது கண்டுபிடிக்கிறது. நான்கு டயர்களிலும் ஒரே அளவில் மெதுவாகக் காற்று குறைந்தால் அந்த முறைக்குத் தெரியாது; ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேஜ் வைத்துப் பார்ப்பது அவசியம். புதிய டயர்களில் காற்றைச் சரிசெய்தவுடன் மெனுவில் அழுத்தக் கண்காணிப்பை ரீசெட் செய்ய மறக்காதீர்கள்.

கோவைவாசி

மிக்க நன்றி ஐயா. இப்போதைக்கு முன்பக்கத்தில் இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: சக்கரம்

வேண்டாம். முன்னும் பின்னும் வெவ்வேறு விறைப்பு இருந்தால், ஈரச்சாலையில் வளைவெடுக்கும்போது கார் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணிக்க முடியாது. நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். அலைன்மென்டும் பேலன்சிங்கும் அன்றே முடியட்டும்.

பதில்: இரவுப்பயணி

என் கருத்து வேறு. குடும்பத்துடன் அடிக்கடி இரவில் நெடுஞ்சாலையில் செல்பவர் ரன்-ஃப்ளாட்டை விடக்கூடாது என்றே நினைக்கிறேன். லாரிகள் விரையும் சாலையோரத்தில் ஜாக்கி வைத்து நிற்பதைவிட, வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க் வரை மெதுவாக ஓட்டிச் செல்வது எவ்வளவோ பாதுகாப்பானது. ஆனால் காற்றில்லாமல் ஓட்டிய ரன்-ஃப்ளாட்டின் உட்புறச் சேதம் வெளியே தெரியாது. பஞ்சர் ஒட்டி மறுபடி ஓட்டுவது ஆபத்து. அந்தச் செலவுக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பதில்: மலைப்பாதை

இரவுப்பயணி சொல்வதில் நியாயம் உண்டு. இருந்தாலும் கேட்பவர் வால்பாறைச் சாலையைக் குறிப்பிடுகிறார். பக்கச்சுவர் கிழிந்துவிட்டால் ரன்-ஃப்ளாட்டும் வெகுதூரம் கொண்டுசேர்க்காது. அதே அளவு ரன்-ஃப்ளாட் மலையூர்க் கடைகளில் கிடைப்பதும் அரிது. நான் சாதாரண டயருக்கு மாறியவன். காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸரும் பஞ்சர் கிட்டும் எப்போதும் வண்டியில் இருக்கும்; ஆணி ஏறினால் அவை போதும். பக்கச்சுவர் கிழிசலுக்கு அவை உதவாது என்பதால் நீண்ட பயணத்தில் குறுகிய ஸ்டெப்னி ஒன்றையும் டிக்கியில் கட்டி எடுத்துச் செல்கிறேன். தேசிய நெடுஞ்சாலையில் நிற்க நேர்ந்தால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணை அழைக்கலாம்.

கோவைவாசி

அனைவருக்கும் நன்றி. நான் பெரும்பாலும் பகலில்தான் பயணம் செய்பவன். ஆகவே நான்கையும் சாதாரண டயராக மாற்றி, ஸ்டெப்னியும் வாங்க முடிவு செய்திருக்கிறேன். ஸ்டெப்னியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மலைப்பாதை

ரிம்மின் போல்ட் அமைப்பு 5×120 (120 மி.மீ. விட்ட வட்டத்தில் ஐந்து போல்ட்டுகள்), நடுத்துளை 72.6 மி.மீ. உங்கள் டயரின் மொத்த விட்டம் சுமார் 657 மி.மீ.; ஸ்டெப்னி அதற்கு நெருக்கமாக இருக்க வேண்டும். வாங்கியவுடன் வீட்டிலேயே முன்சக்கரத்தில் ஒருமுறை மாட்டி, பிரேக் காலிப்பரில் (டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பாகம்) உரசவில்லை என்பதையும், இப்போதுள்ள போல்ட்டுகளே அந்த ரிம்முக்குப் பொருந்துகின்றன என்பதையும் உறுதிசெய்யுங்கள். ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். குறுகிய ஸ்டெப்னியில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள்.