புதுப்பிப்பு: சித்தப்பாவின் மார்புக் கட்டி

இரண்டு மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன்: சித்தப்பாவின் மார்புக் காம்புக்குப் பின்னால் வலியில்லாத கட்டி, "கொழுப்புதான்" என்று முதல் மருத்துவர் அனுப்பிவிட்டார். திசுப் பரிசோதனை வேறு சொன்னது. மார்பகப் புற்றுநோய்.

"ஆணுக்குமா?" என்று கேட்டவர்களுக்கு: ஆம், நூறு மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய ஒன்று ஆண்களுக்குத்தான். பாடகி பியான்சேயின் தந்தை மேத்யூ நோல்ஸ் 2019இல் தன் நோயை வெளியே சொன்னார். சட்டையில் தென்பட்ட இரத்தப் புள்ளிகள்தான் அவரை மருத்துவரிடம் அனுப்பின. அவருக்கு பிஆர்சிஏ2 மரபணு மாற்றம் (இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவது, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கும் வரக்கூடியது) இருந்தது. சித்தப்பாவுக்கும் அந்தப் பரிசோதனை நடக்கிறது. இருந்தால் அவர் மகள்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்தது. இனி சில ஆண்டுகளுக்கு, புற்றுநோய் திரும்பாமலிருக்க, டாமாக்சிஃபென் மாத்திரை. மருந்துக்கடையில் "வீட்டம்மாவுக்கா சார்?" என்று கேட்டார்களாம்.

"எனக்கேதான்" என்றாராம் சித்தப்பா, சத்தமாக.