புதுப்பிப்பு: ஹாலோவீன் அட்டையில் நிலா எழும்பிவிட்டது

ஹாலோவீன் வாழ்த்தட்டையில் நிலா தட்டையாகத் தெரியாமல் மேடுபள்ளத்தோடு வர என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். மாடலிங் பேஸ்ட் (காய்ந்ததும் கெட்டியாகி மேடாக நிற்கும் பசை போன்ற கலவை) போடச் சொன்னீர்கள். அதுவே சரி, எல்லோருக்கும் நன்றி.

300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளில் (தடிமனான தாள்) முதலில் வெள்ளை ஜெஸ்ஸோ, அதாவது வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு, மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்ததும் வட்ட ஸ்டென்சில் (வட்டமாக ஓட்டை வெட்டிய தகடு) வைத்துப் பேஸ்டை வழித்து, ஸ்டென்சிலை எடுத்துவிட்டேன். ஈரம் இருக்கும்போதே ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டினால் பேஸ்டுக்குள் குமிழிகள் எழும்புகின்றன. நிலாவின் பள்ளங்கள் தாமாகவே கிடைத்துவிடுகின்றன! இந்த அட்டையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முழுக்கக் காயவிட்டு, மஞ்சள், ஆரஞ்சு மைகளைத் தடவி, மேடுகளை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். பள்ளங்களில் நிறம் தங்கிவிடும்.

சிலந்தி வலைக்கு மருந்துக்கடை காஸ் துணியே போதும். கறுப்பு மையில் நனைத்து, காய்ந்ததும் விரலால் இழுத்துப் பிய்த்து, மேட் மீடியத்தால் (காய்ந்தால் பளபளக்காத ஒட்டும் திரவம்) ஒட்டினேன். கடையில் விற்கும் பிளாஸ்டிக் வலையைவிட எவ்வளவோ மேல். வீடும் வௌவால்களும் வெறும் கறுப்புத் தாளில் வெட்டியவை.

தபாலில் அனுப்பப் போகிறவர்கள் தடிமனைக் கவனியுங்கள். இங்கே கனடா போஸ்டில் சாதாரணக் கடிதம் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கூடுதல் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். நிலாவின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து உறையில் போடுங்கள், பேஸ்ட் உராயாது.