எட்டு போடும்போது வலது வட்டத்தில் மட்டும் கால் ஊன்றிவிடுகிறேன், என்ன காரணம்?

தூவானம்:
எல்லோருக்கும் வணக்கம். கியர் பைக் லைசென்ஸ் டெஸ்டுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். கியர் இல்லாத ஸ்கூட்டரைப் பல வருடமாக ஓட்டுவதால் ரோட்டு பயம் கிடையாது. கியர் மாற்றுவதும் பழகிவிட்டது. தகராறு எட்டில்தான். இடது வட்டம் அழகாக வருகிறது. நடுப்புள்ளியைக் கடந்து வலது வட்டத்துக்குள் நுழைந்ததும் வண்டி என் பேச்சைக் கேட்பதில்லை. சில சமயம் திணறி ஆஃப் ஆகிறது. சில சமயம் திடீரென்று ஒரு குதி குதித்துக் கோட்டைத் தாண்டிப் போகிறது. எது நடந்தாலும் கால் தானாகக் கீழே போய்விடும். கால் ஊன்றினால் ஃபெயில்.

வண்டி 150 சிசி, முதல் கியரில்தான் போடுகிறேன். உயரம் கொஞ்சம் குறைவு, ஆனால் உட்கார்ந்தால் இரண்டு முன்பாதங்களும் தரையில் படும். கோளாறு வண்டியிலா, என்னிடமா?

நாலாவதுகியர்:
பார்வைதான் காரணமாக இருக்கும். முன் சக்கரத்தையோ கோட்டையோ பார்த்தால் வண்டி அங்கேதான் போகும். வட்டத்தின் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, தாடை தோளுக்கு நேராக வரும் அளவுக்குத் தலை திரும்ப வேண்டும்.

தூவானம்:
நன்றி அண்ணா. அதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், செய்துகொண்டுதான் இருக்கிறேன். பார்வைதான் காரணம் என்றால் இடது பக்கமும் சொதப்ப வேண்டுமே?

ரெண்டுசக்கரம்:
வலது பக்கம் தடுமாறுவது உங்களுக்கு மட்டும் இல்லை. சிக்னலில் நிற்கும்போது பெரும்பாலும் இடது காலைத்தான் ஊன்றுகிறோம், வலது கால் பிரேக் மேல் இருக்கும். அதனால் இடது பக்கம் சாய்ந்தால் “கால் இருக்கிறது” என்று உடம்புக்கு ஒரு தைரியம். வலது பக்கம் அது கிடையாது. பழகப் பழகச் சரியாகிவிடும்.

வேகத்தடை:
எட்டு போடும்போது கிளச்சைத் தொடவே கூடாது. முழுக்க விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரில் மட்டும் ஓட்டுங்கள். ஹாஃப் கிளச்சில், அதாவது லீவரைப் பாதி மட்டும் பிடித்து ஓட்டினால் கிளச் பிளேட் கருகிவிடும்.

கரிக்கை:
வேகத்தடை, கார் கிளச்சையும் பைக் கிளச்சையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். இந்த மாதிரி 150 சிசி வண்டிகளில் கிளச் பல பிளேட்டுகள் அடுக்கியது, இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருப்பது. ஆயில் சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கும். நடை வேகத்தில் கொஞ்ச நேரம் கிளச்சை வழுக்கவிட்டு ஓட்டுவதை அது தாங்கும். மேட்டில் ஹாஃப் கிளச்சிலேயே வண்டியை நிறுத்தி வைத்திருப்பதும், அதிகமாக முறுக்கிக்கொண்டு வழுக்கவிடுவதும்தான் பிளேட்டைத் தின்னும். பயிற்சி நீண்டால் நடுவில் ஆறவிடுங்கள், அவ்வளவுதான். முழுக்க விட்டால் முதல் கியரில் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடுவது) வேகமே சிறிய வட்டத்துக்குச் சில வண்டிகளில் அதிகம்.

கரும்பலகை:
பயிற்சி கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் மூன்று கேள்வி கேட்கிறேன். சீட்டில் எங்கே உட்காருகிறீர்கள், டேங்கை ஒட்டியா, பின்னால் தள்ளியா? வலது கை விரல்கள் முன் பிரேக் லீவர் மேல் இருக்கின்றனவா? கடைசியாக, நடு ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியில் ஏறி உட்காருங்கள். ஹேண்டில்பாரை வலது பக்கம் முழுக்கத் திருப்பி, கிளச் லீவரை உங்கள் இடது கை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தூவானம்:
பார்த்தேன் சார். சீட்டில் பின்னால் தள்ளித்தான் உட்காருகிறேன், ஸ்கூட்டர் பழக்கம். வலது கையில் இரண்டு விரல் பிரேக் மேல் இருக்கிறது. மூன்றாவதுதான் ஆச்சரியம். ஹேண்டில் நேராக இருக்கும்போது நான்கு விரலும் லீவரை நன்றாகப் பிடிக்கிறது. வலது பக்கம் முழுக்கத் திருப்பினால் இடது கை விறைத்து நீண்டுவிடுகிறது, விரல் நுனிதான் லீவரில் தொட்டுக்கொண்டிருக்கிறது!

கரும்பலகை:
அங்கேதான் விஷயம். வலது பக்கம் திருப்பும்போது கிளச் கை உங்களை விட்டு விலகிப் போகிறது. நுனி விரலில் ஹாஃப் கிளச்சை ஒரே அளவில் பிடித்துவைக்க யாராலும் முடியாது. லீவர் கொஞ்சம் நழுவினாலே கிளச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் ஆக்சிலரேட்டர் கொஞ்சம் திறந்திருந்தால் வண்டி குதிக்கும், மூடியிருந்தால் திணறி ஆஃப் ஆகும். நீங்கள் சொன்ன இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். போதாக்குறைக்கு வலது கை உடம்பை நோக்கி வந்து மணிக்கட்டு மடங்குவதால் ஆக்சிலரேட்டரும் தெரியாமல் முறுகும். இடது வட்டத்தில் கிளச் கை உங்கள் பக்கமாக வருவதால் தகராறே இல்லை.

முதலில் டேங்கை ஒட்டி முன்னால் வந்து உட்காருங்கள், முழங்கை இரண்டும் மடங்கித் தளர்ந்திருக்கட்டும். வலது பக்கம் திரும்பும்போது இடுப்புக்கு மேல் உடம்பையும் வலது பக்கம் திருப்புங்கள். இடது தோள் கைப்பிடியோடு சேர்ந்து முன்னால் போகும், கைக்கு நீளம் கிடைக்கும்.

முன் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிடுங்கள். ஹேண்டில் திரும்பிய நிலையில் நடை வேகத்தில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி உள்பக்கமாகப் படுத்துவிடும். வலது கைக்கு ஒரே வேலை: ஐடிலிங்குக்குக் கொஞ்சம் மேலே ஆக்சிலரேட்டரை வைத்து, அதை அப்படியே பிடித்திருப்பது. வேகத்தைக் கூட்டுவது கிளச், குறைப்பது வலது காலில் இருக்கும் பின் பிரேக். பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே கிளச்சில் ஓட்டிப் பாருங்கள், குலுக்கல் அடங்கிவிடும்.

கரிக்கை:
சார் சொன்னதோடு வண்டியையும் பாருங்கள். கிளச் லீவருக்கு நுனியில் அளந்தால் 10 முதல் 20 மி.மீ. வரை ஃப்ரீ பிளே (கிளச் வேலை செய்ய ஆரம்பிக்கும் முன் லீவர் சும்மா அசையும் தூரம்) இருக்க வேண்டும், சரியான அளவு உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும். ஃப்ரீ பிளே குறைவாக இருந்தால் லீவர் வெளியே தள்ளியே கிளச் பிடிக்கும், சின்னக் கைக்கு அது தூரம். லீவர் மாட்டியிருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி லீவரை மேலேயோ கீழேயோ கொஞ்சம் சுழற்றி வைக்கவும் முடியும். உட்கார்ந்து கை நீட்டினால் முன்னங்கையும் விரலும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஐடிலிங் ரொம்பக் குறைவாக வைத்திருந்தால் அதையும் கையேட்டில் உள்ள அளவுக்கு ஏற்றுங்கள்.

தூவானம்:
லீவரை மாற்றி வைத்தேன், முன்னால் வந்து உட்கார்ந்தேன். வலது வட்டம் மட்டும் தனியாகச் சுற்றிப் பார்த்தால் குதிப்பது போய்விட்டது! ஆனால் வட்டம் இறுகும்போது இப்போது வேறு மாதிரி: சத்தமே இல்லாமல் வண்டி மெதுவாகி வலது பக்கம் சாய்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கரும்பலகை:
இன்ஜின் ஓடுகிறது, வண்டி போகவில்லை என்றால் கிளச்சை முழுக்கப் பிடித்துவிடுகிறீர்கள். ஸ்கூட்டரில் இடது லீவர் என்ன?

தூவானம்:
பின் பிரேக்!!

கரும்பலகை:
ஆமாம். பல வருடமாக “பயம் வந்தால் இடது கையைப் பிடி” என்று கை பழகியிருக்கிறது. ஸ்கூட்டரில் அது காப்பாற்றும். இங்கே அதே பிடி சக்கரத்துக்குப் போகும் இழுவையை அறுத்துவிடும். மெதுவாகச் சாய்ந்து போகும் வண்டியை நிமிர்த்துவதே அந்த இழுவைதான். சாயும்போது கிளச்சைத் துளி விட்டால் வண்டி தானாக நிமிரும். இதைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, கை பழக வேண்டும். அதற்கு எட்டு வேண்டாம். நேர்க்கோட்டில் எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போங்கள். சாய ஆரம்பித்ததும் கிளச்சைத் துளி விடுங்கள், வேகம் எடுத்தால் காலில் பிரேக். இடது கை பிரேக் இல்லை என்பது அங்கேதான் உறைக்கும்.

ரெண்டுசக்கரம்:
இதற்கு ஜப்பான்காரர்கள் வைத்திருக்கும் டெஸ்ட் நல்ல அளவுகோல். 15 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் ஒரு மேடை. 400 சிசி வரையிலான பைக்குக்கு 7 வினாடி, பெரிய பைக்குக்கு 10 வினாடி அதன் மேல் ஓட்ட வேண்டும், சீக்கிரம் கடந்தால் மதிப்பெண் குறையும். 7 வினாடி என்றால் மணிக்கு 8 கி.மீ.கூட இல்லை. மேடை எதற்கு, சாக்பீஸில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

நாலாவதுகியர்:
கோட்டிலும் பார்வை தூரத்தில்தான்! (விட மாட்டேன்.)

தூவானம்:
சாக்பீஸ் கோடுதான் மருந்து. முதலில் 3 வினாடியில் ஓடிப்போனது, இப்போது 7 வினாடி தாண்டுகிறது. பின் பிரேக்கைக் காலால் பிடிக்கப் பழகியதும் எட்டு முழுசாக வருகிறது. இன்னொரு சந்தேகம்: டெஸ்டில் சடன் பிரேக் பிடிக்கச் சொல்வார்களா? சொன்னால் எந்த பிரேக்?

கரும்பலகை:
எல்லா இடத்திலும் இல்லை. பிரிட்டனில் பைக் டெஸ்டின் முதல் பகுதியிலேயே மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்து சடன் பிரேக் போட வேண்டும். உங்கள் டெஸ்டில் கேட்காவிட்டாலும் ரோடு ஒரு நாள் கேட்கும், பழகிக்கொள்ளுங்கள்.

இங்கே எட்டில் சொன்னதற்கு நேர் எதிர். ஹேண்டில் நேராக, வண்டி நிமிர்ந்து இருக்கும்போது முன் பிரேக்தான் உயிர் காப்பது. பிரேக் போட்டதும் எடை முன் சக்கரத்துக்குப் போகிறது, பின் சக்கரம் லேசாகி எளிதில் வழுக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் லீவரை வெடுக்கென்று இழுக்காமல் முதலில் தொட்டு, முன் ஃபோர்க் அமுங்கியதும் இறுக்குங்கள். வண்டி நிற்கும் நேரத்தில் கிளச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 20 கி.மீ. வேகத்தில் ஆரம்பித்து ஏற்றுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

தூவானம்:
பாஸ்! எட்டில் கால் கீழே போகவே இல்லை. டெஸ்டுக்கு வேறு வண்டி கொடுத்தார்கள், லீவர் கொஞ்சம் தூரம். கிளம்புவதற்கு முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, அதற்கேற்ப முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். கிளச் எங்கே பிடிக்கிறது என்று வரிசையில் நிற்கும்போதே ஓரடி நகர்த்திப் பார்த்துக்கொண்டேன். கரும்பலகை சார், கரிக்கை அண்ணா, எல்லோருக்கும் நன்றி.

வேகத்தடை:
வாழ்த்துகள். கிளச் விஷயத்தில் நான் சொன்னதைக் கேட்காமல் போனீர்களே, நல்லதாகப் போயிற்று.

கரிக்கை:
வாழ்த்துகள்மா. இவ்வளவு ஹாஃப் கிளச் பயிற்சிக்குப் பிறகு ஃப்ரீ பிளே மாறியிருக்கும், ரோட்டில் எடுப்பதற்கு முன் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஆயிலின் நிறத்தையும் பாருங்கள், கறுத்துக் கருகின வாடை வந்தால் மாற்றிவிடுங்கள்.