முயல் சினை பிடிக்கவில்லை, சூபாபுல் தழைதான் காரணமா?

வணக்கம் நண்பர்களே, என்னிடம் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா இனங்களில் 12 பெட்டை முயல்களும் 3 கிடாக்களும் இருக்கின்றன. வெயிலில் வேலிமசால் தீவனப்பயிர் காய்ந்துபோனதால் இரண்டு மாதமாக அடர்தீவனத்தோடு வேலியோரச் சூபாபுல் மரத்தின் தழையைத்தான் கை நிறையப் போட்டேன். இணை சேர்த்த 7 பெட்டைகளில் இரண்டுதான் சினை. மற்றவற்றுக்கு 14ஆம் நாள் அடிவயிற்றைத் தடவினால் கோலிக்குண்டு மாதிரி உருள வேண்டிய கரு எதுவுமே தட்டுப்படவில்லை. சினையான இரண்டில் ஈன்ற ஒரு பெட்டைக்கும் பால் இல்லை, குட்டிகள் வயிறு ஒட்டிச் சுருங்கிக் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

சூபாபுலில் உள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் முடியை உதிர்க்கும், இனப்பெருக்கத்தையும் கெடுக்கும் என்று தெரிந்ததும் உடனே நிறுத்திவிட்டேன். ஆனால் கடும் வெயிலிலும் கிடாவின் விந்து வீரியம் குறையுமே, அதனால் எது காரணம் என்று பிடிபடவில்லை. தழையை நிறுத்திய பிறகு எத்தனை நாள் கழித்து மறுபடி இணை சேர்த்தீர்கள்?

அப்புறம், பாலுக்காக முருங்கை இலைப்பொடியோ வெந்தயமோ கொடுத்தவர்கள் இருந்தால், கிலோ தீவனத்துக்கு எத்தனை கிராம், சினையிலேயே தொடங்கலாமா, ஈன்ற பிறகுதானா என்று சொல்லுங்கள். இன்னொரு பெட்டை அடுத்த வாரம் ஈனப்போகிறது, அதன் குட்டிகளையாவது காப்பாற்றியாக வேண்டும்.