அதே வைன், ஐம்பதுக்கு மேல் ஏன் கூடுதலாக ஏறுகிறது?

தேன்மொழி: பிரிட்டனில் பெண்கள் இருபதுகளில் குடிக்கும் காரணம் வேறு, ஐம்பதுகளில் வேறு. ஆனால் அளவு மாறாமலே போதை கூடுவது ஏன்? அங்கே மதுவை அளக்கும் யூனிட் (10 மில்லி சுத்த ஆல்கஹால்) கணக்கு எப்படி?

நிலா: மது உடம்பிலுள்ள நீரில்தான் கரையும். பெண்களுக்கு ஆண்களைவிட நீர் குறைவு. வயது ஏற இன்னும் குறையும். அதனால் ரத்தத்தில் செறிவு கூடுகிறது. கணக்கு இதுதான்: மில்லியை ஆல்கஹால் சதவீத எண்ணால் (13% என்றால் 13) பெருக்கி 1000-ஆல் வகுக்கவும். 175 மில்லி, 13% வைன் சுமார் 2.3 யூனிட். ஆறு கிளாஸில் 13.7 ஆகிவிடும், வாரத்துக்கு 14-ஐத் தாண்டக் கூடாது என்பதே அங்குள்ள அறிவுரை. வீட்டில் கைக்கணக்கில் ஊற்றினால் 175 என்பது 250 ஆகிவிடும். ஒருமுறை தண்ணீரை அளந்து அதே கிளாஸில் ஊற்றி, எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

கார்த்திகா: இருபதுகளில் தோழிகளும் விலையும்தான் முக்கியம். ஸ்காட்லாந்து 2018-இல் யூனிட்டுக்கு 50 பென்ஸ் குறைந்தபட்ச விலை வைத்தது. 2024-இல் 65 ஆக்கியது. நடுவயதில் பிள்ளைகள், வயதான பெற்றோர், வேலை எல்லாம் ஓய்ந்த பிறகு திறக்கும் பாட்டில். மாதவிடாய் நிற்கும் காலத்தில் தூக்கத்துக்கென்று குடிப்பதுதான் பெரிய வலை. மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். சிலருக்கு உடல் அனலும் வியர்வையும் கூடும். மறுநாள் களைப்பு, மறுபடி பாட்டில்.

செல்வி: அறுபதுக்கு மேல் தனிமை, துணையின் இழப்பு. தூக்க மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் விழுந்து எலும்பு முறியும், மூச்சும் மந்தமாகும். இன்னொன்று, தயவுசெய்து கவனியுங்கள்: காலையில் கை நடுக்கம், வியர்வை இருப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.