சோடிப் பூனையில் ஒன்று போய்விட்டது, மற்றது சாப்பிடுகிறதில்லை

கல்லடித் தையல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கல்லடியில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். நான்கு வருசத்துக்கு முதல் அம்மா வீட்டிலிருந்து ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைக் கொண்டுவந்தேன். கடுவன் முழுக் கறுப்பு, பெயர் கறுவல். பெட்டை மூன்று நிறம் கலந்தது, பெயர் புள்ளி. இரண்டும் தனித்தனியாகப் படுத்து நான் பார்த்ததில்லை. மெஷினுக்குக் கீழே சாக்கு விரித்திருப்பேன். ஒன்றின் கழுத்தில் மற்றதின் கால் கிடக்கும். புள்ளிக்குக் காது நக்கித் துப்புரவாக்குவதும் கறுவல்தான்.

போன ஞாயிறு காலை மீன்காரரின் ஹோர்ன் கேட்டதும் வழக்கம்போல இரண்டும் படலைக்கு ஓடின. அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக ஆளுக்கொரு சூடை எறிவார். அன்றைக்குக் கறுவல் படலையைத் தாண்டி ரோட்டில் இறங்கிவிட்டது. எதிரே ஒரு ஓட்டோ வந்தது. அவ்வளவுதான். முருங்கைக்குக் கீழே தாட்டோம். புள்ளி பார்க்கக் கூடாது என்று அதைக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். பின்னேரம் அந்தச் சாக்கையும் பினாயில் போட்டுத் துவைத்துக் காயவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

இன்றைக்கு மூன்றாம் நாள். புள்ளி பகலில் அலுமாரிக்கு மேலே ஏறிக் கிடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு இறங்கி அறை அறையாகப் போய்க் கத்துகிறது. பசிக்குக் கத்துகிற சத்தம் இல்லை, இழுத்து இழுத்துக் கத்துகிறது. சோறும் மீனும் வைத்தால் மணந்து பார்த்துவிட்டுப் போகிறது. நேற்று மீன் அவித்த தண்ணீரைக் கொஞ்சம் நக்கியது, வேறொன்றும் இல்லை. ஹோர்ன் கேட்டால் காதை மட்டும் திருப்புகிறது, எழும்புகிறதில்லை. என்னிடம் தராசு இல்லை, அளவு நாடாதான் இருக்கிறது. நெஞ்சைச் சுற்றிப் பிடித்தேன், 12 அரை அங்குலம்.

பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது, எங்கேயாவது கொண்டுபோய் விடு என்கிறா மாமி. மகன் ஆரையம்பதியில் குட்டி பார்த்து வைத்துவிட்டான், நாளைக்கே கொண்டுவருவானாம். இவர் கட்டாரில். போனில் சொன்னால் "பூனைதானே" என்கிறார். குட்டி கொண்டுவந்தால் புள்ளி தேறுமா? சாப்பிட வைக்க என்ன செய்யலாம்? பள்ளிச் சீருடைத் தையல் குவிந்து கிடக்கிறது. வெள்ளைத் துணி வெட்டும்போதெல்லாம் கறுவலின் மயிர் ஒன்றிரண்டு வந்துகொண்டே இருக்கிறது.

---

களுவாஞ்சிகுடி ஓய்வூதியர்:

தங்கச்சி, குட்டிக் கதையைப் பிறகு பார்ப்போம். முதலில் சாப்பாடு. நான் கால்நடைத் திணைக்களத்தில் முப்பது வருசம் மாட்டுக்குப் பின்னால் திரிந்தவன். வீட்டில் ஏழு பூனை வளர்த்துத்தான் பூனையைப் படித்தேன்.

மாடு, நாய் போல இல்லை பூனை. நாய் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து எழும்பிவிடும். பூனை ஒழுங்காகச் சாப்பிடாமல் விட்டால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து படியும். அதைக் கரைக்க அந்தச் சின்ன ஈரலால் முடியாது. பிறகு பசியே எடுக்காது, பசி இல்லாததால் இன்னும் படியும். கொழுத்த பூனைக்கு இது இன்னும் வேகமாக வரும். ஒரு நாள் முழுக்கத் தொடாவிட்டாலே கவனிக்க வேண்டும், இரண்டு நாள் தாண்டினால் டொக்டரிடம் போகவேண்டும். நீங்கள் மூன்றாம் நாளில் நிற்கிறீர்கள். நாளைக் காலையே தூக்கிக்கொண்டு போங்கள். காதின் உட்புறம், முரசு, கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் காலை வரைக்கும் நிற்க வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் தையல்காரர். கவலை என்று நாம் நினைத்திருக்க அது நூல் விழுங்கியிருக்கலாம். சத்தி எடுக்கிறதா? வாயைத் திறந்து நாக்கைத் தூக்கி அடியில் பாருங்கள். நூல் சுற்றிக் கிடந்தால் தயவுசெய்து இழுக்க வேண்டாம். மற்ற நுனி குடலுக்குள் இருக்கும், இழுத்தால் குடலை அறுத்துவிடும். வெட்டவும் வேண்டாம், அப்படியே கொண்டுபோங்கள்.

கர்ப்பத்தடை செய்த பெட்டையா? செய்யாவிட்டால் அந்த இரவுக் கத்தல் கடுவன் தேடுகிற கத்தலாகவும் இருக்கலாம். கேட்பதற்குக் குறை நினைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு: மீனை உப்பு, வெங்காயம், உள்ளி ஒன்றும் போடாமல் அவித்து, முள் எடுத்து, கை பொறுக்கிற இளஞ்சூட்டில் வையுங்கள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும், அதனால் கறிச் சட்டி வழித்த சோறு வேண்டாம். பூனை மூக்கால்தான் சாப்பிடுகிறது. ஆறின மீனுக்கு மணம் இல்லை, அதுதான் மணந்துவிட்டுப் போகிறது. யாராவது காய்ச்சல் என்று சொல்லிப் பனடோல் கரைத்துக் கொடுக்கச் சொன்னால் கேட்க வேண்டாம். அரைக் குளிசையே கொல்லும்.

அளவு நாடா சட்டைக்குச் சரி. பூனைக்கு நிறை பாருங்கள்.

---

மட்டுநகர் மச்சான்:

ஊரில் மனுசன் செத்தாலே எட்டுக்குப் பிறகு ஆரும் நினைக்கிறதில்லை. பூனைக்குத் துக்கமாம். நாலு நாள் விடுங்க, பசி வந்தா தின்னும்.

---

கல்லடித் தையல்காரி:

அண்ணா, நன்றி. சத்தி இல்லை. நாக்குக்கு அடியில் டோர்ச் பிடித்துப் பார்த்தேன், நூல் இல்லை. என் கையில் இரண்டு கீறல் மிச்சம். கர்ப்பத்தடை செய்து இரண்டு வருசமாகிறது. காலையில் போகிறேன்.

மச்சான், "பசி வந்தா தின்னும்" என்றுதான் நானும் மூன்று நாள் இருந்துவிட்டேன்.

---

நிந்தவூர் ராத்தா:

தங்கச்சி, குட்டி விசயத்தில் நான் அனுபவப்பட்டவள், கேளுங்கள். எங்கட இரண்டு பெரிய பூனையில் ஒன்று சத்தியும் வயிற்றோட்டமுமாக நான்கு நாளில் போய்விட்டது. மற்றது மூலையில் சுருண்டு கிடந்தது. உம்மா பொறுக்க மாட்டாமல் ஐந்தாம் நாளே ஒரு குட்டியைக் கொண்டுவந்து நடு வீட்டில் விட்டா. பழையது குட்டியைக் கண்டதும் சீறியது, வீட்டுக்குள்ளேயே மூத்திரம் பெய்யத் தொடங்கியது, உம்மா தொழுகிற பாயிலும்கூட. அடுத்த கிழமை குட்டிக்கும் அதே சத்தி, அதே வயிற்றோட்டம். காப்பாற்ற முடியவில்லை.

பிறகுதான் டொக்டர் விளங்கப்படுத்தினார். பூனைக்கு வருகிற பார்வோ கிருமியாம், வீட்டுத் தரையில், பாயில் ஒரு வருசம்வரைக்கும் உயிரோடு கிடக்குமாம். பெரியது தடுப்பூசி போட்டிருந்ததால் தப்பியது. உங்கட கறுவல் விபத்தில் போனது, அந்தப் பயம் உங்களுக்கு இல்லை. ஆனால் ஆரையம்பதிக் குட்டி என்னத்தைக் கொண்டுவரும் என்று தெரியாதே. தடுப்பூசி போட முதல் புள்ளிக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பவும் ஒன்று எடுத்தோம். இந்த முறை குட்டியைத் தனி அறையில் பூட்டி வைத்தோம். குட்டி படுத்த துணியைப் பெரியதன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், பெரியதின் துணியைக் குட்டியின் அறையில். பிறகு கதவுக்கு அந்தப்பக்கம் ஒன்று, இந்தப்பக்கம் ஒன்றாகச் சாப்பாடு. மூன்று கிழமை போனது. இப்போதும் பழைய சோடி மாதிரி இல்லை. ஒரே பாயில் இரண்டு முழம் தள்ளிப் படுக்கும், அவ்வளவுதான். போனதற்குப் பதிலாக இன்னொன்று என்று கொண்டுவந்தால் ரெண்டு பேருக்கும் கஸ்டம்.

சாக்கைத் துவைத்ததுதான் எனக்கு மனசுக்குக் கிடக்கிறது. அதுவும் பினாயிலில். பினாயில் பூனைக்கு நஞ்சு, காலில் பட்டதை நக்கும். அந்தச் சாக்கை எடுத்துவிடுங்கள். கறுவல் படுத்து, கழுவாமல் கிடக்கிற வேறு ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

---

வந்தாறுமூலை மாணவன்:

அக்கா, மச்சான் சொன்னதுக்காக ஒன்று. 2016-இல் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் துணை இழந்த 159 நாய்களையும் 152 பூனைகளையும் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு ஒரு ஆய்வு வந்தது. பூனைகளில் 43 சதவீதம் முன்னைவிட அடிக்கடி கத்தியதாகச் சொன்னார்கள். போன துணை விரும்பிக் கிடந்த இடத்தைத் தேடிப் போனதும் அதில் இருக்கிறது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் மாறியிருக்கிறது. வளர்ப்பவர்கள் சொன்னதுதான், பூனையின் மனசுக்குள் போய்ப் பார்த்ததில்லை. ஆனாலும் புள்ளி மட்டும் செய்கிற வேலை இல்லை இது.

செத்த உடலைப் பார்த்த பிராணிக்கும் பார்க்காததுக்கும் அந்த ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. குசினிக் கதவைச் சாத்தியதுக்காக நீங்கள் உங்களையே ஏச வேண்டாம்.

---

கல்லடித் தையல்காரி:

பதினொரு நாளுக்குப் பிறகு எழுதுகிறேன், சீருடை எல்லாம் கொடுத்து முடித்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை பன்பைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். எங்களுக்கு முதல் இரண்டு ஆடு, ஒரு கன்று. நிறை 2.8 கிலோ. போன வருசம் ஊசி போட்ட அட்டையில் 3.2 இருந்தது. ஈரலுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்றார். சேலைன் ஏற்றி, பசிக்கு மருந்து தந்தார். அன்றிரவு இளஞ்சூட்டில் சூடை அவித்து விரல் நுனியில் வைத்தேன். என் விரலைத்தான் முதலில் நக்கியது. பிறகு அரை மீன்.

ராத்தா, கழுவாத சாமான் ஒன்று கிடந்தது. நூல் கட்டை வந்த கார்ட்போர்ட் பெட்டி, கறுவல் மழை நாளில் அதற்குள்தான் படுக்கும். மெஷினுக்குக் கீழே வைத்தேன். புள்ளி வந்து மணந்தது, வாயை அரைவாசி திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றது, போய்விட்டது. இரண்டு நாள் அப்படி. மூன்றாம் நாள் இரவு கத்தல் பாதியில் நின்றது, எழும்பிப் பார்த்தால் பெட்டிக்குள் கிடக்கிறது. இப்போதும் கத்துகிறது, ஆனால் படுக்க முதல் துணி நாடாவை இழுத்துக் கொஞ்சம் விளையாட்டுக் காட்டி, கடைசியாக ஒரு வாய் மீன் கொடுத்தால் விடிய நான்கு மணிவரை சத்தமில்லை. நாடாவை உடனே லாச்சிக்குள் வைத்துப் பூட்டுகிறேன் அண்ணா, பயப்பட வேண்டாம். நேற்று நிறை 3 கிலோ.

குட்டியை மகனின் கூட்டாளி எடுத்துக்கொண்டான். மாமி இன்னும் ஏசுகிறா, ஆனால் மத்தியானம் மீன் கழுவும்போது தலையைத் தனியாக எடுத்து வைக்கிறா.

இன்றைக்குக் காலை ஹோர்ன் கேட்டதும் புள்ளி படலைவரைக்கும் போனது. வெளியே இறங்கவில்லை, கீழே ஒரு பலகை அடித்துவிட்டேன். மீன்காரர் பழக்கத்தில் இரண்டு சூடை எறிந்துவிட்டார். எறிந்த பிறகுதான் அவருக்கே விளங்கியது, என்னைப் பார்த்தார். ஒன்றைப் புள்ளி தின்றது. மற்றதைக் காகம் கொண்டுபோனது.